வால் மட்டும் போதாது: கூச்சமுள்ள காட்டு விலங்குகளை அருகிலிருந்து படமெடுக்க முழுமையான வழிகாட்டி

நான் காட்டு விலங்குகளைப் படமெடுக்க ஆரம்பித்த முதல் இரண்டு வருடப் படங்களைப் பார்க்கிறவர்கள், வால்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன் என்று நினைத்துக்கொள்வார்கள். முயலின் வெள்ளை வால், புதருக்குள் நுழையும் கீரியின் வால், நரியின் வால் நுனி. லென்ஸ்தான் போதவில்லை என்று பெரிய லென்ஸ் வாங்கினேன். வால்கள் பெரிதாக வந்தன.

விலங்கைப் பார்த்த பிறகு அதை நோக்கிப் போனதுதான் தப்பு. நம் கண்ணில் அது படுவதற்கு வெகு முன்பே நம் வாசமோ காலடிச் சத்தமோ அதற்கு எட்டியிருக்கும். அதற்குப் பதில் அது வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட்டால், மிச்ச தூரத்தை அதுவே நடந்து வந்துவிடுகிறது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதைச் சுற்றித்தான்.

இது புது யோசனை இல்லை. வேட்டைக்காரராக இருந்து படக்காரராக மாறிய அமெரிக்கர் ஜார்ஜ் ஷைராஸ், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மான் தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, அதில் கால் இடறினால் மெக்னீசியம் வெளிச்சத்தில் மான் தன்னைத்தானே படமெடுத்துக்கொள்ளும்படி செய்தார். அவருடைய 74 படங்களை நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 1906 ஜூலையில் வெளியிட்டது. 1920களில் இந்தியக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், இதே உத்தியால் புலிகளை இரவில் படமெடுத்தார்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது முயல், நரி, கீரி, மரநாய், முள்ளம்பன்றி, நீர்நாய், சிறு மான்கள் போன்றவற்றைப் பற்றி. யானை, கரடி, காட்டெருமை, பெரும்பூனைகள் இருக்கும் இடத்தில் நடந்துபோய்த் தரையில் படுத்துக்கொள்ளும் வேலையை யாரும் செய்யக் கூடாது. எந்தக் காடாக இருந்தாலும் அங்குள்ள வனத்துறையிடமோ நிலத்துக்காரரிடமோ அனுமதி வாங்கிய பிறகுதான் மற்றதெல்லாம்.

படி 1: ஒரு விலங்கு, ஒரு இடம்

பத்து இடங்களுக்கு ஒருமுறை போவதைவிட ஒரே இடத்துக்குப் பத்து முறை போவது மேல். வீட்டிலிருந்து சீக்கிரம் போய்வரக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுங்கள். அரிதான விலங்குதான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். முயலை நன்றாக எடுக்கத் தெரிந்தவருக்கு மற்றவை பின்னால் வரும். தினமும் ஒரே பாதையில் போகிற விலங்கு, நாளுக்கொரு திசையில் அலைகிற விலங்கைவிட ஆயிரம் மடங்கு சுலபம்.

படி 2: கேமரா இல்லாமல் தடம் படியுங்கள்

முதல் சில நாட்கள் கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கையில் கேமரா இருந்தால் கண் விலங்கைத்தான் தேடும், மண்ணைப் பார்க்காது.

மழைக்கு மறுநாள் காலை ஈர மண்ணில் கால்தடம் தெளிவாகக் கிடைக்கும். நாய், நரி இனங்களின் தடத்தில் நகக்குறி தெரியும். பூனை இனங்கள் நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் பெரும்பாலும் தெரியாது. எச்சம் அதைவிடப் பேசும். நீர்நாய் ஆற்றங்கரைப் பாறை மேல் மீன் செதிலும் முள்ளுமாக விட்டுவைக்கும், அதுவும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில். மரநாய்களும் பழக்கமான இடத்தில்தான் போடும், விதைகள் நிறைந்திருக்கும். உதிர்ந்த முள், உரசித் தேய்ந்த மரப்பட்டை, வேலிக் கம்பியில் சிக்கிய மயிர், புல்லுக்குள் சுரங்கம்போல் போகும் ஒற்றையடித் தடம் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள்.

தேட வேண்டியது குறுகலான இடம். பல தடங்கள் வந்து சேர்ந்து ஒரு வேலி இடுக்கு, விழுந்த மரம், ஓடைக் கற்கள், பாலத்தின் அடி வழியாகப் போகும் புள்ளி. பாதை விரிந்து கிடக்கும் இடத்தில் விலங்கு எங்கு வேண்டுமானாலும் நடக்கும். இடுக்கில் அது எங்கே கால் வைக்கும் என்பதைக் கைப்பிடி அகலத்துக்குச் சொல்லிவிடலாம்.

வசதி இருந்தால் அங்கே ஒரு சின்ன டிரெயில் கேமரா (விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கேமரா) கட்டிவையுங்கள். அழகான படம் தராது, ஆனால் யார், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் என்று சொல்லிவிடும். வாங்கும்போது அகச்சிவப்பு விளக்கின் அலைநீளத்தைப் பாருங்கள். 850 நானோமீட்டர் என்றால் லேசான சிவப்பு மினுக்கல் தெரியும். கூச்சமுள்ள விலங்குகளுக்கு அந்த மினுக்கல் தெரியாத 940 நல்லது, வெளிச்சம் எட்டும் தூரம் மட்டும் கொஞ்சம் குறையும்.

இரண்டு வாரத்தில் ஒரு கால அட்டவணை கிடைக்கும். பலவும் விடியலிலும் அந்தியிலும் நடமாடும், மனிதத் தொந்தரவு மிகுந்த இடங்களில் முழு இரவுக்கு மாறிவிடும். அப்படி மாறியிருந்தால் நேராக எட்டாம் படிக்குப் போய்விடுங்கள்.

படி 3: அதன் மூக்கு, காது, கண்

மூக்கிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதை ஏமாற்ற முடியாது. காற்று விலங்கிடமிருந்து நம் முகத்துக்கு வர வேண்டும். விரலை நனைத்துத் தூக்கிப் பார்ப்பது பலமான காற்றுக்குத்தான் சரி. மெல்லிய காற்றுக்குச் சின்ன டப்பாவில் வாசனை இல்லாத பவுடரைப் போட்டு ஒரு அமுக்கு அமுக்கினால் அது எங்கே மிதக்கிறது என்று தெரியும். சரிவான இடங்களில் ஒரு பழக்கம் உண்டு. இரவிலும் அதிகாலையிலும் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் திசை மாறி மேலே ஏறும். ஆறு மணிக்குச் சரியாக இருந்த இடம் எட்டரை மணிக்கு உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். காற்று தப்பாக இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். போனால் அந்த நாள் மட்டும் வீணாகாது, அந்த இடமே கெட்டுப்போகும்.

அடுத்தது காது. மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். நாய்க்கு ஏறத்தாழ 45, பூனைக்கு 60க்கும் மேல். நம் காதுக்கே விழாத எலக்ட்ரானிக் கீச்சொலி அதற்குக் கேட்கலாம். ஆனாலும் நடைமுறையில் காட்டிக்கொடுப்பது சாதாரணச் சத்தங்கள்தான்: பையின் வெல்க்ரோ, ஜிப், சரசரக்கும் நைலான் சட்டை, கேமராவின் ஃபோகஸ் பீப், பாக்கெட்டில் அதிரும் போன். பீப்பை அணைக்கும்போதே கேமராவின் ஃபோகஸ் உதவி விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

கண் விஷயத்தில் நாம் தேவையில்லாமல் செலவு செய்கிறோம். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. சிவப்பையும் பச்சையையும் அவை நம்மைப்போல் பிரித்துப் பார்ப்பதில்லை. இராணுவச் சட்டை போடாவிட்டாலும் பரவாயில்லை. பளிச்சென்ற வெள்ளையும் நீலமும்தான் கூடாது. துணியை வெளுத்துக்காட்டும் சோப்புப் பொடியில் துவைத்த சட்டைகள் புற ஊதா ஒளியில் நீலமாக மின்னும், அதனால் காட்டுக்குப் போடும் துணிகளைத் தனியாக அலசுங்கள். வெளிச்சத்தில் முகமும் கைகளும் பளிச்சென்று தெரியும். வலைத்துணியும் மெல்லிய கையுறையும் போதும். எல்லாவற்றையும்விட அசைவுதான் அவற்றின் கண்ணில் முதலில் படும். முயலின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் அதற்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

படி 4: மறைவிடம்

மிகச் சுலபமான மறைவிடம் கார். காருக்குப் பழகிய இடங்களில் விலங்குகள் அதற்குள் இருக்கும் மனிதனைப் பொருட்படுத்துவதில்லை. எஞ்சினை அணைத்து, ஜன்னல் விளிம்பில் தானியம் நிரப்பிய துணிப்பையை வைத்து, அதன் மேல் லென்ஸைக் கிடத்துங்கள். கதவைத் திறந்த நொடியில் எல்லாம் முடிந்துவிடும்.

கார் போகாத இடத்தில் கூடாரம். இதில்தான் பொறுமை பலருக்குக் கைவிட்டுப் போகிறது. கூடாரத்தைக் கொண்டுபோன அன்றே உள்ளே உட்கார்ந்தால், நேற்று இல்லாத ஒரு பெரிய பொருளை விலங்கு சந்தேகத்தோடு பார்த்துவிட்டுச் சுற்றுவழியில் போய்விடும். காலிக் கூடாரத்தைத் தொலைவில் நிறுத்தி, சில நாள் விட்டு, கொஞ்சம் கிட்டே நகர்த்தி, மறுபடி சில நாள் விடுங்கள். காற்றில் படபடக்கும் துணியை இழுத்துக் கட்டுங்கள். லென்ஸ் நீட்டும் ஓட்டையில் தொடக்கத்திலிருந்தே ஒரு காலி டப்பாவைச் செருகிவைத்தால், பிறகு வரும் லென்ஸ் புதிதாகத் தெரியாது. பின்பக்கத் துணி ஒளி ஊடுருவாததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நீங்கள் தலையைத் திருப்புவது நிழலாட்டமாக வெளியே தெரியும்.

விலங்கு வரும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே உள்ளே போங்கள். அது விலகிப் போன பிறகே வெளியே வாருங்கள். அது பார்த்துக்கொண்டிருக்கும்போது கூடாரத்திலிருந்து ஒரு மனிதன் முளைத்தால், பத்து நாள் உழைப்பு அதோடு சரி. முதுகு சாய வசதியான இருக்கை, தண்ணீர், சிறுநீருக்கு ஒரு பாட்டில். சிரிக்காதீர்கள், நான்கு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

லென்ஸின் உயரம் விலங்கின் கண் உயரமாக இருக்கட்டும். கீரிக்கு அது தரையிலிருந்து ஒரு சாண்தான். நின்றுகொண்டு எடுத்த படத்தில் புல்லுக்கு நடுவே ஒரு முதுகு தெரியும். படுத்துக்கொண்டு எடுத்தால் ஒரு முகம் தெரியும், பின்புலமும் தூரமாகிக் கரைந்துபோகும்.

படி 5: நெருங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

சில நேரம் வேறு வழியிருக்காது. எதிர்க்காற்றில், தாழ்ந்து, நேர்க்கோட்டில் போகாமல், அது மேயும்போது நகர்ந்து, தலை தூக்கும்போது உறைந்து நில்லுங்கள். கண்ணோடு கண் முறைத்துப் பார்க்காதீர்கள். வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தெரியும்படி மேட்டின் உச்சியில் தலையைக் காட்டாதீர்கள்.

அதன் உடல்மொழிதான் இங்கே சிக்னல் விளக்கு. வாயில் புல்லோடு மெல்லுவதை நிறுத்திவிட்டு இரு காதையும் உங்கள் பக்கம் திருப்பினால் மஞ்சள். மான் முன்காலால் தரையைத் தட்டினாலோ, முயல் பின்காலால் அடித்தாலோ, முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக் கலகலக்க வைத்தாலோ சிவப்பு. மஞ்சளிலேயே நின்றுவிடுங்கள். அது மறுபடி தலையைத் தாழ்த்தி மேய ஆரம்பிக்கும் வரை ஒரு விரலும் அசையக் கூடாது. சில மான்கள் மேய்வதுபோல் குனிந்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்து பார்க்கும், அதற்கு ஏமாறாதீர்கள். சிவப்பு என்றால் வந்த வழியே மெல்லப் பின்வாங்குவதுதான். நாளைக்கும் அது அங்கே வர வேண்டுமே.

படி 6: லென்ஸ் கணக்கு

எவ்வளவு பெரிய லென்ஸ் வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு எளிய கணக்கு. முழு அளவு சென்சரின் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) அகலம் 36 மி.மீ. அதை லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸின் மேல் மி.மீட்டரில் எழுதியிருக்கும் எண்) வகுத்து, விலங்கு நிற்கும் தூரத்தால் பெருக்கினால், படச் சட்டத்துக்குள் அடங்கும் அகலம் வந்துவிடும். 600 மி.மீ லென்ஸில் 10 மீட்டரில் அது 60 செ.மீ, நரியின் உடல் சட்டத்தை நிரப்பிவிடும். 400 மி.மீ லென்ஸில் 20 மீட்டரில் 1.8 மீட்டர், அதே நரி நடுவில் சின்னதாக நிற்கும். மறைவிடத்தை எங்கே போடுவது என்பதை இந்தக் கணக்கை வைத்தே முடிவுசெய்யுங்கள். லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் மறைவிடத்துக்கு மூன்று மீட்டரில் ஒரு கீரி வந்து நின்றது. லென்ஸுக்கு நாலரை மீட்டராவது வேண்டும். அது போகும் வரை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஒரு எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கினேன், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டினால் இன்னும் கிட்டே ஃபோகஸ் செய்யவிடும் வளையம் அது.

நெருங்க நெருங்கக் கூர்மையான பகுதி மெலிந்துபோகும். 600 மி.மீ, எஃப் 4 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிதாகும்), 10 மீட்டர் என்றால் ஆறேழு செ.மீ மட்டுமே தெளிவாக இருக்கும். நீண்ட மூக்குள்ள விலங்கின் கண் தெளிவாக இருக்கும், மூக்கு நுனி மங்கியிருக்கும். எஃப் 8க்குப் போனால் இரண்டும் அநேகமாகக் கிடைக்கும். ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் கண்ணைக் காப்பாற்றுங்கள்.

படி 7: எடுக்கும் தருணம்

நிற்கும் விலங்குக்கு ட்ரைபாடோ துணிப்பையோ இருந்தால் ஷட்டர் வேகம் 1/250 விநாடி போதும், நடந்தால் 1/500, ஓடினால் 1/1000க்கு மேல். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை (சென்சரின் ஒளி உணர்திறன்) ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளிகள் நிறைந்த படத்தைப் பின்னால் சரிசெய்யலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவின் எலக்ட்ரானிக் ஷட்டர் இந்தத் துறைக்குக் கிடைத்த பெரிய வரம், சத்தமே இல்லை. வேகமாக ஓடும் விலங்கின் கால்களைச் சில கேமராக்கள் வளைத்துக் காட்டும், அதை முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். சத்தமுள்ள கேமரா மட்டும்தான் இருக்கிறதா? அப்படியானால் விலங்கு தூரத்தில் வரும்போதே ஒரே ஒரு படம் எடுங்கள். அது நின்று கேட்கும். எதுவும் நடக்காவிட்டால் மறுபடி நடக்கும். பிறகு இன்னொன்று. இப்படிப் பழக்கினால் பக்கத்தில் வந்த பிறகு க்ளிக்குக்கு மிரளாது. ஐந்து மீட்டரில் வந்த பிறகு முதல்முறையாகப் பத்துப் படத்தைச் சடசடவென்று அடித்தால் கிடைப்பது பழைய வால்தான்.

படி 8: நாம் இல்லாமல் எடுப்பது

இரவில் மட்டும் வரும் விலங்குகளுக்கும், அகன்ற லென்ஸில் காடும் சேர்ந்து தெரியும்படி ஒரு மீட்டர் தூரத்தில் எடுப்பதற்கும் கேமரா பொறிதான் வழி, அதாவது விலங்கு வந்தால் தானே படமெடுக்கும்படி கேமராவை அங்கேயே விட்டுவைப்பது. லாஸ் ஏஞ்சலஸில் ஹாலிவுட் எழுத்துப் பலகைக்குக் கீழே பி-22 என்ற மலைச் சிங்கம் நடந்துபோகும் படம் 2013இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நேஷனல் ஜியாகிரபிக் படக்காரர் ஸ்டீவ் விண்டர் பொறி வைத்து ஓராண்டுக்கு மேல் காத்திருந்து எடுத்தது அது.

தேவையானவை: பழைய கேமரா, 16 முதல் 35 மி.மீ வரையிலான லென்ஸ், உடல் வெப்பத்தை உணரும் சென்சர், இரண்டு மூன்று ஃபிளாஷ்கள், ஈரம் புகாத பெட்டி. சென்சர் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பின்னணியைவிட வெப்பமான ஒன்று அதன் பார்வையின் குறுக்கே நகர்ந்தால்தான் அது தூண்டப்படும். நேராக அதை நோக்கி வரும் விலங்கைத் தாமதமாகவே உணரும். அதனால் சென்சரைத் தடத்துக்குக் குறுக்காகப் பார்க்கவைத்து, கேமராவை மட்டும் தடத்தின் நீளவாக்கில் வையுங்கள். கடும் வெயிலில் தரையும் விலங்கும் ஏறத்தாழ ஒரே சூடாக இருக்கும்போது சென்சர் தூங்கிவிடும். வெயில் பட்டு ஆடும் இலையோ ஓயாமல் அதை எழுப்பும். முன்னால் இருக்கும் புல்லைக் கையால் ஒதுக்கிவிட்டால் போதும், வெட்டிச் சாய்க்க வேண்டாம்.

ஃபோகஸை கையால் வைத்து, வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள். எஃப் 8 அல்லது 11, ஐஎஸ்ஓ 400 முதல் 800, ஷட்டர் 1/200. ஃபிளாஷை 1/16 அல்லது 1/32 வலுவில் வையுங்கள். குறைந்த வலுவில் வெளிச்சம் ஏறத்தாழ 1/10,000 விநாடிதான் நீடிக்கும், ஓடும் காலைக்கூட அது உறையவைத்துவிடும். பேட்டரியும் நாள்கணக்கில் தாங்கும். ஒரு ஃபிளாஷ் பக்கவாட்டில் மேலிருந்து, இன்னொன்று மறுபக்கம் மங்கலாக, மூன்றாவது பின்னாலிருந்து மயிரின் விளிம்பில் பட. லென்ஸுக்கு ஒட்டி ஃபிளாஷை வைக்காதீர்கள். இரவு விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் பிரதிபலிப்புப் படலம் அந்த ஒளியை நேராகத் திருப்பி அனுப்பும், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பச்சை பல்புகள்தான் இருக்கும். விழித்தெழ நேரம் எடுத்துக்கொள்ளும் ஃபிளாஷ் வேண்டாம். நிக்கான் எஸ்பி-28 என்ற பழைய ஃபிளாஷைக் கேமரா பொறி வைக்கிறவர்கள் இன்னும் தேடித்தேடி வாங்குவது, அது தூக்கத்திலிருந்து உடனே எழுந்துகொள்வதால்தான்.

எல்லாம் வைத்த பிறகு, நீங்களே விலங்காகுங்கள். நான்கு காலில் தவழ்ந்து சட்டத்தைக் கடந்து பாருங்கள். என் கேமராவில் நான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தவழும் படங்கள் ஏராளம். தலை எங்கே வரும்போது சென்சர் எழுகிறது, அங்கே ஃபோகஸ் இருக்கிறதா, வெளிச்சம் மூக்கில் விழுகிறதா, இல்லை பின்னால் இருக்கும் பாறையில் விழுகிறதா என்று அப்போதுதான் தெரியும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். கேபிள் நுழையும் ஓட்டைகளை அடையுங்கள், இல்லாவிட்டால் எறும்புக் குடும்பம் ஒன்று குடிபோய்விடும். தினமும் போய்ப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் வாசத்தை அங்கே புதிதாகப் பூசிவிட்டு வருகிறீர்கள். வாரம் ஒருமுறை, நடுப்பகலில் போதும். ஃபிளாஷைக் கண்டு விலங்கு தெறித்து ஓடுவதோ, அந்தப் பாதையைக் கைவிட்டதோ படங்களில் தெரிந்தால் பொறியை எடுத்துவிடுங்கள்.

படி 9: எங்கே நிறுத்துவது

குட்டிகள் இருக்கும் வளை, குகைப் பக்கம் மறைவிடம் போடக் கூடாது. தாய் பயந்தால் குட்டிகளை இடம் மாற்றும், விட்டுவிட்டும் போகலாம். புல்லுக்குள் தனியாகச் சுருண்டு கிடக்கும் மான்குட்டி அனாதை இல்லை. தாய் வேண்டுமென்றே அங்கே ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது. தொடாமல் நகர்ந்துவிடுங்கள்.

தீனி போட்டு வரவழைப்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. என்னைக் கேட்டால் வேண்டாம். மனிதனோடு உணவைச் சேர்த்துப் பார்க்கப் பழகிய நரி அடுத்து வீட்டு வாசலுக்கும் வரும், அடியும் வாங்கும். பல விலங்குகள் ஒரே இடத்தில் வந்து தின்றால் நோயும் பரவும்.

படத்துக்குக் கீழே எப்படி எடுத்தீர்கள் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். 2009ஆம் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் படக்காரர் போட்டியில் வேலியைத் தாண்டும் ஓநாய்க்கு முதல் பரிசு கிடைத்தது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவு செய்ததும், 2010இல் பரிசு பறிக்கப்பட்டது. ஓநாய் என்னவோ நன்றாகத்தான் தாண்டியிருந்தது.

கடைசியாக, இணையத்தில் ஏற்றுவதற்கு முன் படக்கோப்பில் இருக்கும் இருப்பிடத் தகவலை அழியுங்கள், அழுங்கு (எறும்புதின்னி) போன்று கள்ளவேட்டைக்குப் பலியாகும் விலங்காக இருந்தால் கட்டாயம். பின்னணியில் தெரியும் பாலம், கோபுரம், மைல்கல்லையும் பாருங்கள். கோப்பில் இருப்பிடத்தை அழித்துவிட்டு மைல்கல்லைச் சட்டத்துக்குள் விட்டுவைத்தவர்கள் உண்டு. நானும் ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு, நண்பர் ஒருவர் சொன்ன பிறகு ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிட்டேன்.